50 இலட்சம் தடவை தாங்கும் கம்பி: அம்மா மறுபடி கொழுந்துக்குப் போகலாமா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட மாதிரி முதலில் சொல்லிவிடுகிறேன். தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் உங்கள் அம்மாவுக்கு வயது 52. இடுப்பில் எல்4 என்ற நான்காம் முள்ளெலும்பு, அதற்குக் கீழேயுள்ள எல்5இன் மேல் முன்பக்கமாக நழுவியிருக்கிறது. நான்கு ஸ்க்ரூ, இரண்டு கம்பி, இரண்டு எலும்புக்கும் நடுவில் முட்டுக்கொடுக்கும் கேஜ் என்ற சிறு துண்டு ஒன்று வைத்து இரண்டு எலும்பையும் ஒன்றாகச் சேர்த்துவிடலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். சாமானை வெளியில் வாங்க வேண்டும். இரண்டு விலை வந்திருக்கிறது. விலை கூடியதோடு வந்த தாளில் 'ஏஎஸ்டிஎம் எஃப்1717 படி 50 இலட்சம் சுற்றுச் சோதிக்கப்பட்டது' என்று இருக்கிறது. (ஏஎஸ்டிஎம் என்பது சோதனைத் தரங்களை வகுக்கும் ஓர் அமைப்பு; எஃப் என்று தொடங்கும் எண்கள் அதன் தரங்கள்.) 'அப்படியென்றால் அது உடையவே உடையாதா?' என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னும் இரண்டு கேள்வி இருக்கிறது: கூடின விலைக்கு உண்மையில் பெறுமதி உண்டா, அம்மா மறுபடி மலையேறிப் பாரம் தூக்கலாமா. இந்தச் சாமான்களை இயந்திரத்தில் பூட்டிச் சோதிக்கும் துறை என்னுடையது. ஒபரேஷன் செய்பவன் அல்ல. எனவே உலோகத்தைப் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். அம்மாவின் முதுகைப் பற்றிய முடிவு டொக்டருடையது.

எஃப்1717 சோதனையில் எலும்பே கிடையாது. சவர்க்காரக் கட்டிபோல வெள்ளையான இரண்டு பொலித்தீன் கட்டைகள்தான் அங்கே முள்ளெலும்பு. மேல் கட்டையில் இரண்டு, கீழ்க் கட்டையில் இரண்டு என்று ஸ்க்ரூவை இறக்கி, இரு பக்கமும் கம்பியை வைத்து, தலையில் இருக்கும் பூட்டு ஸ்க்ரூவை இறுக்குவோம். மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ் ஸ்க்ரூவுக்கும் இடையே 76 மில்லிமீற்றர். இரண்டு கட்டைக்கும் நடுவில் ஒன்றுமில்லை, வெறும் வெளி. ஒரு முழு முள்ளெலும்பையே எடுத்துவிட்டால் எப்படியிருக்குமோ அந்த நிலை அது. அம்மாவுக்கு வைக்கப்போவது அடுத்தடுத்த இரண்டு எலும்பில்; அங்கே இடைவெளி ஏறக்குறைய இதில் பாதிதான், முன்னால் கேஜும் தாங்கும். ஆக, சோதனை வேண்டுமென்றே உண்மையைவிடக் கொடுமையாக அமைக்கப்பட்டது. எலும்புக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் வைப்பதற்கும் காரணம் உண்டு. எலும்பு ஆளுக்கு ஆள் மாறும், பிளாஸ்டிக் மாறாது. ஒரு கம்பெனியின் கம்பியையும் இன்னொன்றின் கம்பியையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க இதுதான் வழி.

அந்தக் கட்டையை இயந்திரம் மேலிருந்து அழுத்துகிறது. அழுத்தும் கோடு ஸ்க்ரூ இறங்கிய இடத்துக்கு 40 மில்லிமீற்றர் முன்னால் இருப்பதால், கட்டை முன்பக்கம் குனியப் பார்க்கும். அந்தக் குனிவைக் கம்பி தடுக்கும். ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 200 நியூட்டன், அதாவது சுமார் 20 கிலோ நிறையின் அழுத்தம் என்று வைப்போம். கம்பி, கட்டையிலிருந்து இன்னும் 12 மில்லிமீற்றர் பின்னால் நிற்கிறது என்று கொண்டால், வளைக்கும் முறுக்கு 10.4 நியூட்டன் மீற்றர். இரண்டு கம்பிக்கும் பகிர்ந்தால் ஒன்றுக்கு 5.2. 5.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள கம்பியின் மேற்பரப்பில் அது ஏறக்குறைய 318 மெகாபாஸ்கல் தகைப்பை, அதாவது உலோகத்துக்குள் விழும் இறுக்கத்தை, கொடுக்கும். இந்தக் கம்பிகளுக்குப் பயன்படும் டைட்டேனியம் கலப்புலோகம் நிரந்தரமாக வளைய ஆரம்பிக்க 795 மெகாபாஸ்கலாவது வேண்டும். பாதிக்கும் குறைவுதானே என்று தோன்றும். ஒரே தடவை அழுத்தினால் ஒன்றும் ஆகாது என்பது உண்மை. ஆனால் திரும்பத் திரும்ப அழுத்தும்போது கதை வேறு. லயத்துப் பின்னால் கோழிக்கூடு கட்டும்போது குறடு இல்லாவிட்டால் கம்பியை எப்படித் துண்டாக்குவோம்? வளைத்து, நிமிர்த்தி, மறுபடி வளைத்து. கையால் இழுத்து அறுக்க முடியாத கம்பி அப்படி முறியும். உலோகச் சோர்வு என்பது இதுதான். உடம்புக்குள் கம்பியோ ஸ்க்ரூவோ முறிந்தால் பெரும்பாலும் இந்த வழியில்தான் முறிகிறது, ஒரே பாரத்தில் அல்ல.

முறிவு தொடங்கும் இடமும் கண்டபடி வருவதில்லை. பூட்டு ஸ்க்ரூ கம்பியைக் கடித்துப் பிடிக்கிறதே, அந்தத் தழும்பு ஓர் இடம். ஸ்க்ரூவின் தலைக்குக் கீழே, கட்டைக்குள் நுழையும் புரிகள் இன்னோர் இடம். பச்சைக் கம்பில் கத்தியால் ஒரு கீறல் போட்டு வளைத்தால் கீறலில்தானே ஒடியும். டைட்டேனியத்துக்கு அந்தக் குணம் அதிகம். இடுப்பின் வளைவுக்கு ஏற்ப ஒபரேஷன் மேசையில் கம்பியை வளைக்கும் கருவி விட்டுவைக்கும் பள்ளமும் அதே வேலையைச் செய்யும். ஓரிடத்தில் வளைத்துப் பிறகு எதிர்ப்பக்கம் நிமிர்த்திய கம்பியின் ஆயுள் நன்றாகக் குறையும். அதனால்தான் ஒன்றிரண்டு எலும்பு சேர்க்கும் ஒபரேஷனுக்கு முன்கூட்டியே வளைத்து வரும் கம்பிகள் நல்லவை. சோதனைத் தாளில் உள்ள எண் பெரும்பாலும் வளைக்காத நேர்க் கம்பிக்கு உரியது என்பதையும் மனதில் வையுங்கள்.

இனி அந்த 50 இலட்சம். நொடிக்கு 5 தடவை என்ற உச்ச வேகத்தில் ஓட்டினால் அது பதினொன்றரை நாளில் முடிந்துவிடும். ஒருவர் நாளொன்றுக்கு 7,000 அடி நடந்தால் இரண்டு வருடத்தில் 51 இலட்சம் அடி ஆகிறது; எலும்பு கூடிவரத் தேவையான காலத்தைத் தாராளமாகத் தாண்டும் ஓர் அளவு என்று இந்த எண்ணைப் புரிந்துகொள்ளலாம். ஆயுள் முழுவதற்குமான உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதைவிட முக்கியமானது ஒன்று அந்தத் தாளில் இல்லை: எந்தப் பாரத்தில்? சோதனை நடக்கும் விதம் இப்படி. முதலில் ஐந்து மாதிரியை ஒரே அழுத்தாக அழுத்தி எவ்வளவில் விட்டுக்கொடுக்கிறது என்று பார்ப்போம். பிறகு அதன் முக்கால், பாதி, கால் என்று பாரத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, எந்தப் பாரத்தில் 50 இலட்சம் சுற்றையும் முறியாமல் கடக்கிறது என்று தேடுவோம். அந்தப் பாரத்தில் இரண்டு மாதிரியாவது கடக்க வேண்டும். ஆகவே எந்த மட்டமான கம்பியையும் போதுமான அளவு பாரத்தைக் குறைத்தால் 50 இலட்சம் கடக்க வைக்கலாம். 'சோதிக்கப்பட்டது' என்ற சொல்லுக்கு அதற்குமேல் பொருள் இல்லை. விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "50 இலட்சம் கடந்த பாரம் எத்தனை நியூட்டன், எந்த ஸ்க்ரூ அளவுக்கும் எந்தக் கம்பி விட்டத்துக்கும்?" இரண்டு கம்பெனியும் இதற்குப் பதில் கொடுத்தால் ஒப்பிடலாம். ஒரு கம்பெனி 6.5 மில்லிமீற்றர் ஸ்க்ரூவிலும் மற்றது 5.5இலும் சோதித்திருந்தால் அந்த ஒப்பீடு செல்லாது. பெரும்பாலும் அறையின் காற்றிலேயே ஓட்டுகிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். உப்புநீரில் 37 பாகையில் ஓட்டும்போது உரசும் இடங்களில் அரிப்பும் சேர்ந்துகொள்கிறது.

பூட்டின் பிடியைத் தனியாகப் பார்க்க எஃப்1798 என்ற சோதனை இருக்கிறது. கம்பி ஸ்க்ரூத் தலைக்குள் வழுக்குகிறதா, சுழல்கிறதா என்று அதில் தெரியும். பெரும்பாலான தயாரிப்புகளில் பூட்டு ஸ்க்ரூவை 10 முதல் 12 நியூட்டன் மீற்றர் அளவில், அளவுகாட்டும் திருப்பியால் இறுக்கவேண்டும். கைக்கணக்கில் இறுக்கியது, புரி கோணலாக ஏறியது, ஒரு கம்பெனியின் ஸ்க்ரூத் தலையில் இன்னொன்றின் பூட்டைப் போட்டது: இந்த மூன்றில் எது நடந்தாலும் சோதனைத் தாள் வெறும் தாள்தான். விலையைக் குறைக்கக் கம்பியை ஓரிடத்திலும் ஸ்க்ரூவை வேறிடத்திலும் வாங்கும் யோசனை யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

இதுவரை சொன்னது உலோகம். அம்மாவின் வயதில் எனக்கு அதிகம் கவலை தருவது எலும்புதான், அது எஃப்1717இல் இல்லவே இல்லை. ஸ்க்ரூவை நேராக இழுத்துப் பிடுங்கும் சோதனை ஒன்று உண்டு, எஃப்543 என்ற தரத்தில். அடர்த்தி தெரிந்த பொலியூரித்தேன் நுரையில் ஸ்க்ரூவை இறக்கி, இயந்திரம் மெல்ல இழுக்கும். நுரையின் அடர்த்தியைக் குறைத்தால் அதே ஸ்க்ரூவின் பிடி விழுந்துவிடுவதைக் கண்முன் பார்க்கலாம். துளையைப் பெரிதாகப் போட்டாலும், ஒருமுறை இறக்கியதைக் கழற்றி அதே துளையில் மறுபடி இறக்கினாலும் பிடி பெரும்பாலும் குறையும். ஆனால் உடம்புக்குள் யாரும் ஸ்க்ரூவை நேராக இழுப்பதில்லை. ஈரமண்ணில் நட்ட வேலிக்கம்பை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே இழுத்தால் அசையாது. முன்னும் பின்னும் ஆட்டினால் குழி பெருத்து, பிறகு ஒரு கையால் தூக்கிவிடலாம். குனிந்து நிமிரும் ஒவ்வொரு தடவையும் ஸ்க்ரூ மேலும் கீழுமாக அப்படித்தான் ஆடப் பார்க்கிறது. எலும்பு பலவீனமாக இருந்தால் சுற்றியுள்ள எலும்பு நொறுங்கி, எக்ஸ்ரேயில் ஸ்க்ரூவைச் சுற்றி ஒரு கறுத்த கோடு விழும். அப்படித் தளர்ந்தவரின் ஸ்க்ரூ முறியாமலே இருக்கும். அது உலோகத்தின் வெற்றி, நோயாளிக்கு எந்தப் பயனும் இல்லை.

ஆகவே இரண்டு விலைக்கும் நடுவில் நின்று யோசிக்கும் முன், எலும்பு அடர்த்தியைப் பார்த்தாகிவிட்டதா என்று டொக்டரிடம் கேளுங்கள். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேனில், இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் டி அளவு மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புத் தேய்வு. ஒரு சிறு எச்சரிக்கை: தேய்ந்த, முள் வளர்ந்த இடுப்பில் எடுத்த டெக்சா எண் உண்மையைவிட நன்றாகக் காட்டும், இடுப்பு மூட்டில் எடுத்த எண் அதிகம் நம்பத்தக்கது. டெக்சா எடுக்கத் தூரம் போகவேண்டியிருந்தால், ஏற்கெனவே எடுத்த சிடி ஸ்கேனிலிருந்தே எல்1 எலும்பின் அடர்த்தியை அளந்து சொல்லமுடியும். ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற சிடி அலகில் 110க்குக் கீழே என்றால் எலும்புத் தேய்வைச் சந்தேகிக்கவேண்டும். எலும்பு பலவீனம் என்று தெரிந்தால் தடித்த ஸ்க்ரூ, நீண்ட ஸ்க்ரூ, துளையுள்ள ஸ்க்ரூ வழியாக எலும்புச் சீமெந்து, ஒபரேஷனுக்கு முன்பே மருந்து என்று வழிகள் இருக்கின்றன. சீமெந்து இரத்தக்குழாயில் கசிந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்தும் உண்டு. அதனால் எல்லோருக்கும் போடுவதில்லை.

கேஜுக்கு வேறு சோதனைகள். எஃப்2077இல் அதை இரண்டு கட்டைகளுக்கு நடுவில் வைத்து நேராகவும், சரிவாகவும், முறுக்கியும் 50 இலட்சம் சுற்று ஓட்டுவார்கள். கேஜ் உடைவது அரிது. அது எலும்புக்குள் புதைவதுதான் அடிக்கடி வரும் தொல்லை. எஃப்2267 அதற்கானது: கன மீற்றருக்கு 240 கிலோ அடர்த்தியுள்ள நுரைக்கட்டைகளுக்கு இடையில் கேஜை வைத்து, எவ்வளவு அழுத்தத்தில் நுரைக்குள் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். சேற்றில் கதிரைக்கால் இறங்கும். அடியில் பலகை வைத்தால் இறங்காது. கேஜிலும் கணக்கு அதுவே. பரப்பு பெரிதாக இருப்பதும், முள்ளெலும்புத் தட்டின் மெலிந்த நடுப்பகுதியில் அல்லாமல் பலமான ஓரத்தில் உட்காருவதும், எந்தப் பொருளில் செய்தது என்பதைவிட அதிகமாக உதவும். பீக் என்ற பிளாஸ்டிக்கின் விறைப்பு 3 முதல் 4 கிகாபாஸ்கல், டைட்டேனியத்தினுடையது 110 அளவில், கெட்டியான எலும்பு 12 முதல் 20க்குள். இதைக் காட்டி 'பீக் எலும்பைப் போன்றது' என்று விற்பார்கள். துளையில்லாத கட்டியான டைட்டேனியமும், துளைகளோடு அச்சிட்ட டைட்டேனியமும் ஒன்றல்ல. கேஜின் வடிவம் மாறினால் விறைப்பும் மாறும். பொருளின் பெயரை மட்டும் வைத்து ஒன்று மற்றதைவிட நல்லது என்று நான் சொல்லமாட்டேன்.

விலை கூடியதில் கம்பி 6 மில்லிமீற்றர், குறைந்ததில் 5.5 என்று எழுதியிருந்தீர்கள். அரை மில்லிமீற்றர்தானே என்று நினைக்கவேண்டாம். விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது, எனவே 6 மில்லிமீற்றர் கம்பி 42 வீதம் விறைப்பானது. அது நல்லதா? கம்பி முறிவதற்கு எதிராக நல்லது. ஆனால் கம்பி வளையாவிட்டால் அந்த ஆட்டம் ஸ்க்ரூவும் எலும்பும் சந்திக்கும் இடத்துக்குப் போகிறது. பலவீனமான எலும்பில் அதுவே தளர்வதற்குக் காரணமாகலாம். ஓரிடத்தை மட்டும் சேர்க்கும் ஒபரேஷனுக்கு, முன்னால் கேஜும் இருக்கும்போது, 5.5 மில்லிமீற்றர் டைட்டேனியம் கம்பி குறைந்த தெரிவு அல்ல. விலையைவிட முதலில் பார்க்கவேண்டியது, இரண்டும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவானவையா என்பது. அடுத்தது, டொக்டருக்கு எதில் கை பழகியிருக்கிறது என்பது. இரண்டும் பதிவானவை, டொக்டர் இரண்டையும் ஏற்கிறார் என்றால், கடன்பட்டுக் கூடிய விலைக்கு வாங்குவதற்குச் சோதனைத் தாளில் காரணம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இப்போது கொழுந்துக் கூடை. ஜெர்மனியில் ஒருவருடைய இடுப்பில், இரண்டு முள்ளெலும்புக்கு நடுவிலுள்ள வட்டத்தட்டுக்குள் அழுத்தமானியை வைத்து அளந்து, வில்கே குழுவினர் 1999இல் வெளியிட்டார்கள். படுத்திருக்கும்போது 0.1 மெகாபாஸ்கல், நிற்கும்போது 0.5. 20 கிலோவை உடம்போடு ஒட்டிப் பிடித்தால் 1.1, அதே 20 கிலோவை முழங்காலை மடித்துத் தூக்கினால் 1.7; முதுகை வளைத்துக் குனிந்து தூக்கினால் 2.3. நிறை மாறவில்லை, தூக்கும் விதம்தான் மாறியது. ஆனால் இது 70 கிலோ நிறையுள்ள ஒரேயொரு ஆணின் அளவு. அம்மாவைப்போல தலையில் பட்டியை மாட்டி, முதுகில் பாரத்தோடு சரிவில் ஏறும் ஒருவரை அதில் அளக்கவில்லை. ஆகவே கொழுந்துக் கூடைக்கு இத்தனை நியூட்டன் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பவேண்டாம். எலும்பு கூடிவிட்டால் கம்பியின் பாரம் போய்விடும் என்ற பேச்சும் முழு உண்மையல்ல. பெர்லினில் ரோல்மன் குழுவினர் நோயாளிகளின் முதுகுக் கம்பிக்குள் அளவுமானி பொருத்திப் பார்த்தபோது, எலும்பு கூடிய பின்னும் கம்பியின் பாரம் பலரில் பெரிதாகக் குறையவில்லை. எனவே பிற்காலத்தில் ஒரு ஸ்க்ரூ முறிந்திருப்பதாக எக்ஸ்ரே காட்டினால், அதை மட்டும் வைத்து எலும்பு கூடவில்லை என்று முடிவெடுக்கவும் முடியாது. சேர்த்த இடத்துக்கு மேலுள்ள மூட்டு அதிகம் அசைகிறது என்பதைச் சோதனைகள் காட்டுகின்றன. பிற்காலத்தில் அது தேய்வதற்கு இந்த அசைவுதான் காரணமா, வயதா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

உறுதியானது இது: எலும்பு கூடும்வரை உலோகம் தாங்கவேண்டும், கூடாவிட்டால் எந்த உலோகமும் ஒருநாள் களைக்கும். கூடுவதற்குப் பொதுவாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம். அதுவரை கூடை, விறகுக்கட்டு, தண்ணீர்க் குடம், பேரப்பிள்ளையைக் குனிந்து தூக்குவது எல்லாம் டொக்டர் சொல்லும் அளவுக்குள் நிற்கவேண்டும். ஒரு வருடமளவில் குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரேயில் அசைவு 5 பாகைக்குள் அடங்கி, சிடியில் எலும்புப் பாலம் தெரிந்தால், பாரத்தைப் பற்றி அவரிடம் பேசலாம். அப்போதும் ஒரே நிறுவைக்குக் கூடை நிறையும்வரை சுமக்காமல் பாதியில் இறக்கிவைக்க முடியுமா என்று கங்காணியிடம் கேளுங்கள். மழைநாளில் ஈரக்கொழுந்து இன்னும் கனக்கும். சரிவில் வழுக்கி உட்கார்ந்து விழுவது ஒரே அடியில் வரும் பெரிய பாரம். முதல் மாதங்களில் நான் அதிகம் அஞ்சுவது அதைத்தான். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் அம்மாவுக்கு இருந்தால் ஒபரேஷனுக்கு முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். எலும்பு கூடுவதைக் கெடுப்பதாக ஆய்வுகள் காட்டுவது பெரும்பாலும் புகைப்பவர்களில்தான், ஆனால் நிக்கொட்டின் இரண்டிலும் உண்டு. சீனி வருத்தம் இருந்தால் அதுவும் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும்.

ஒபரேஷன் நாளில் ஒவ்வொரு ஸ்க்ரூ, கம்பி, கேஜ் பக்கெட்டிலும் தொகுதி எண்ணோடு ஒட்டுத்தாள் இருக்கும். அதில் ஒரு பிரதியைக் கிளினிக் கொப்பியில் ஒட்டித்தரச் சொல்லி, டயக்னோசிஸ் கார்டோடு வைத்திருங்கள். பத்து வருடம் கழித்து ஒரு ஸ்க்ரூவைக் கழற்றவேண்டி வந்தால் எந்தத் திருப்பி பொருந்தும் என்று அதிலிருந்துதான் தெரியும். எம்ஆர்ஐ எடுக்கும்போதும் அதைக் காட்டவேண்டும். வீட்டுக்கு வந்தபின் காலில் புதிதாகப் பலவீனம், இரு தொடைக்கும் நடுவில் மரத்துப்போதல், சிறுநீர் கழியாமை அல்லது அடக்க முடியாமை, காயத்தில் சீழ், காய்ச்சல், இவற்றில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல், தோட்டத்து டிஸ்பென்சரியில் நேரத்தைப் போக்காமல், நேரே ஒபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே அம்மாவைக் கொண்டுபோங்கள்.